கோடை விடுமுறையில் ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி

ஏப்ரல் கடைசியில் பூட்டும் பள்ளிக்கூடம் ஜூன் முதல் வாரம் வாக்கில்தான் திறக்கிறது. "லீவுல போனையே பார்த்துக்கிட்டு இருக்காம நல்ல புத்தகமா படிங்கப்பா" என்று கடைசி நாள் பிரேயரில் சொல்லி அனுப்புவதோடு பல பள்ளிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையால் யாரும் வாசிக்கப் போவதில்லை. எந்தப் புத்தகம், அது எங்கே கிடைக்கும், பிடிக்காவிட்டால் அடுத்ததை யார் தருவார், படித்ததை யாரிடம் பேசுவது என்ற நான்குக்கும் விடையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறோம். ஆசிரியர், நூலகர், தெருவில் நாலு பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்க மனமுள்ள கல்லூரி அக்கா, அண்ணன் என யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

வேலை மார்ச்சிலேயே தொடங்குகிறது

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மைதானத்தைத் தாண்டினால் அவர்கள் எந்த வகுப்பையும் சேர்ந்தவர்கள் இல்லை. பிளஸ் ஒன் எந்தப் பள்ளியில் என்பதும் தெரியாது. ஹால் டிக்கெட் வாங்க வரும் நாளில் அவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகமா என்று வீட்டில் கேட்பார்கள். பழுப்பு உறைக்குள் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, "கடைசிப் பரீட்சை முடிந்த பிறகு பிரிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சு வராது. பிரிக்கும் ஆசையும் கூடும்.

அடுத்து புத்தகம். பள்ளி நூலகத்தில் புத்தகம் இருக்கும், பீரோ பூட்டியிருக்கும். பொறுப்பாசிரியரைக் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விடுமுறையில் பிள்ளைகள் அப்பத்தா வீடு, மாமா வீடு என்று ஊர் ஊராகப் போவார்கள். புத்தகமும் கூடவே போகும். ஆகவே பதிவேட்டில் ஏறாத தனிப் பெட்டி ஒன்று சேர்ப்பதே நல்லது. நன்கொடையாக வந்தவை, பழைய புத்தகக் கடையில் வாங்கியவை, முன்னாள் மாணவர்கள் தந்தவை எல்லாம் அதில் போகும். பத்தில் ஒன்று திரும்பி வராது என்று முதலிலேயே எச்.எம்.மிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தொலைந்தால் அபராதம் என்று அறிவித்த பெட்டியிலிருந்து நன்றாகப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் எடுப்பார்கள். யாருக்காகப் பெட்டி சேர்த்தோமோ, அந்தப் பிள்ளை அபராதத்துக்குப் பயந்து தொடவே தொடாது.

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு அறுபது புத்தகம் வேண்டும். ஆளுக்கு ஒன்று போக மிஞ்சும் இருபதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிரே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம். எண்பது முதல் நூற்றிருபது பக்கமுள்ள புதிய புத்தகம் இன்றைக்குச் சுமார் 100 ரூபாய், பழையது 40 ரூபாய் என்று வைத்தால், பாதிக்குப் பாதி வாங்க ஏறக்குறைய 4,200 ரூபாய் ஆகும். தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் அது கோடை முடிந்தபின் வருவது. அடுத்த ஆண்டுப் பெட்டிக்கு அங்கே வாங்கிவைக்கலாம். இந்த ஆண்டுக்குப் பழைய புத்தகக் கடையும் நன்கொடையும்தான் கைகொடுக்கும்.

நன்கொடை கேட்கும்போது "புத்தகம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பழைய கைடு, போட்டித் தேர்வுக் குறிப்புகள், பெயர் தெரியாத ஆண்டு மலர்கள் மூட்டையாக வந்து இறங்கும். "பதினைந்து வயதில் நீங்கள் ஒரே மூச்சில் படித்த புத்தகம் ஒன்று" என்று கேளுங்கள். அப்போது வருவது வேறு தரமாக இருக்கும்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

இருபது சிறுகதைத் தொகுப்புகள், பத்து காமிக்ஸ், எட்டு வாழ்க்கை வரலாறு, அறிவியலும் இயற்கையும் சேர்ந்து எட்டு, துப்பறியும் கதை ஆறு, ஊர் வரலாறும் தொல்லியலும் ஐந்து, கவிதை மூன்று. இந்தக் கலவையில் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் சிறுகதையைக் குறைக்காதீர்கள். ஆறு பக்கத்தில் ஒன்று முடிந்துவிடுவதால், பாதியில் விட்டாலும் தோற்றுப்போன உணர்வு வராது. வகுப்பில் வாசிப்புப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு முதல் வாரத்தில் தேவையானது "ஒன்றை முடித்துவிட்டேன்" என்ற நினைப்புதான்.

காமிக்ஸைச் சேர்க்கத் தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். பக்கத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. இரும்புக்கை மாயாவியைத் தேடித் தேடிப் படித்த தலைமுறை இன்று பெற்றோராக இருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போடுவது இந்த வகையில்தான் நடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் படம் பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால், சொல்லில் தடுக்கினாலும் கதை நிற்பதில்லை.

கரிசல் காட்டையும், வைகைக் கரையையும், மதுரைத் தெருக்களையும் வட்டார வழக்கிலேயே எழுதிய கதைகள் தமிழில் ஏராளம். குறைந்தது ஐந்தாறாவது பெட்டியில் இருக்கட்டும். பாடப் புத்தகத் தமிழ் மட்டுமே அச்சில் வரும் என்று நினைத்திருக்கும் பிள்ளை, வீட்டில் பேசுகிற பேச்சைப் பக்கத்தில் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும். ஆனால் ஒன்று: வட்டார வழக்குக் கதையை மௌனமாகப் படிக்கக் கொடுத்தால் எழுத்து வடிவம் புதிதாக இருப்பதால் திணறுவார்கள். முதல் ஒரு பக்கத்தை நீங்கள் சத்தமாக, பேச்சு ஓசையோடு வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். காதில் விழுந்துவிட்டால் கண்ணுக்குப் பழகிவிடும்.

எதை வைக்கக்கூடாது? ஐந்து பாகச் சரித்திர நாவலின் முதல் பாகத்தை மட்டும் வைக்காதீர்கள். இரண்டாம் பாகம் கிடைக்காத பிள்ளைக்கு அது பாதியில் பறிக்கப்பட்ட சாப்பாடு. "வெற்றிக்கு நூறு வழிகள்" ரகத்தையும் தவிர்க்கலாம். பிள்ளைகள் எடுப்பார்கள், ஏனென்றால் பெரியவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் பத்துப் பக்கத்தைத் தாண்டமாட்டார்கள். அட்டை கிழிந்து, தாள் பழுத்து, எழுத்து மங்கிய புத்தகங்களையும் இரக்கமில்லாமல் ஒதுக்கிவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பழசு போதும் என்ற எண்ணம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

அறுபது சேரவில்லையென்றால் பள்ளியிலேயே தேடுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வெளியிடும் தேன் சிட்டு இதழ்கள் பல பள்ளிகளில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. நான்கு இதழை ஒன்றாகத் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டால் ஒரு புத்தகம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் சிறுகதைகளை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தளத்திலிருந்து இறக்கி அச்செடுப்பது இன்னொரு வழி. 1998 பொங்கலில் தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டம் அது; பெயர்தான் மதுரை, உழைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எழுத்தளவை 14 ஆக வைத்து, இருபுறமும் அச்செடுத்தால் ஒரு கதை நாலைந்து தாளில் அடங்கும். எழுத்தைச் சிறிதாக்கித் தாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சாயங்கால வெளிச்சத்தில் திண்ணையில் படிக்கப்போகிற தாள் அது.

புத்தகம் எடுக்கும் பீரியட்

பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதை நாம் தீர்மானித்துக் கையில் திணிப்பது மிகப் பெரிய தவறு. தானே எடுத்த புத்தகம் சுமாராக இருந்தாலும் பிள்ளை இருபது பக்கம் பொறுத்துப்போகும். நாம் கொடுத்தது எவ்வளவு உயர்ந்ததானாலும் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடும். ஆனால் அறுபது புத்தகத்தை மேசையில் குவித்து "எடுத்துக்குங்க" என்றால், அட்டை பளபளப்பாக இருக்கிற நாலைத் தள்ளுமுள்ளில் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நாற்பது நிமிட பீரியடைக் கீழே சொல்கிறபடி பிரித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு ஐந்து பேர். நண்பர்கள், ரோல் நம்பர் என்றெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரே தெரு, ஒரே ஊர், ஒரே பஸ் என்று பாருங்கள். விடுமுறையில் இவர்கள்தான் ஒருவரையொருவர் பார்க்கப் போகிறவர்கள். எட்டு இடத்தில் ஏழெட்டுப் புத்தகமாகப் பரப்புங்கள். முதல் மூன்று நிமிடத்தில் விதி சொல்லிவிடுங்கள்: அட்டையைப் பார், பின்னட்டையைப் படி, முதல் அரைப் பக்கம் படி, நடுவில் ஏதாவது ஒரு பக்கம் படி. பிடித்தால் பெயரைச் சீட்டில் குறி. ஓர் இடத்தில் நாலு நிமிடம், பிறகு மணி அடித்து அடுத்த இடம். எட்டுச் சுற்றுக்கு முப்பத்திரண்டு நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடத்தில், குறித்தவற்றில் முதல் மூன்றை வரிசைப்படுத்திச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நாலு நிமிடத்தை ஆறாக்கினால் பேச்சுச் சத்தம் கூடும். மூன்றாக்கினால் அட்டையோடு நின்றுவிடுவார்கள். மணி அடித்தும் ஒரு பிள்ளை புத்தகத்தை வைக்காமல் நின்றால், அந்தப் புத்தகத்தை அந்தப் பிள்ளைக்கே எழுதிவிடுங்கள். சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் குலுக்கல். கிடைக்காதவர்களிடம் "அது இந்தக் குழுவிடம் போகிறது, இரண்டாம் வாரம் கேட்டு வாங்கிக்கோ" என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று போக மீதமுள்ள இருபதையும் குழுவுக்கு இரண்டு, மூன்றாகப் பிரித்து மஞ்சப் பையில் போட்டு அனுப்புங்கள். இப்போது ஒவ்வொரு தெருவிலும் ஏழெட்டுப் புத்தகம் சுற்றும். விடுமுறை வாசிப்பு பொதுவாக இரண்டாம் வாரத்தில் செத்துப்போவதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் முதல் புத்தகம் முடிந்திருக்கும், அல்லது பிடித்திருக்காது; அடுத்தது கையில் இருக்காது. அவ்வளவுதான்.

பதிவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: புத்தகத்தின் பெயர், குழு, எடுத்தவர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. கொடுக்கும் முன் முதுகில் இரண்டு அங்குல செலோ டேப் ஒட்டிவிடுங்கள். கோடையில் புத்தகம் முதலில் பிரிவது முதுகுப் பசை காய்ந்துதான்.

வாசிக்கத் திணறும் பிள்ளை

ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளில் தமிழ் வாசிப்பு தடுமாறுகிறவர்கள் நகரத்தில் நிறைய. இவர்களுக்கு 200 பக்க நாவல் கொடுப்பது, அவர்களுக்கு வாசிக்க வராது என்று அவர்களிடமே நிரூபிப்பதாகத்தான் முடியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. தனியாக, வராண்டா ஓரமாகக் கூப்பிட்டு, நடுப்பக்கம் ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சாதாரணப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் இருக்கும். அர்த்தம் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். சொல்லெல்லாம் தெரிந்தும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் புத்தகத்தின் நீளத்தைக் குறையுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 பக்கம், பக்கத்துக்கு மூன்று நிமிடம், மொத்தம் 600 நிமிடம். தினம் இருபது நிமிடம் உட்கார்ந்தாலும் முப்பது நாள். முப்பது நாளைக்கு ஒரே கதையை யார் தூக்கிச் சுமப்பார்? அதே பிள்ளைக்கு அறுபது பக்கப் புத்தகம் ஒன்பது நாளில் முடிந்துவிடும். முடித்த பிள்ளை அடுத்ததைக் கேட்கும்.

இந்தப் பரிசோதனையை வகுப்பு நடுவில் செய்யவே கூடாது. நாலு பேர் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அந்தக் கோடையில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் புத்தகத்தைத் தொடாது. சின்ன வகுப்புக் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதும் அவமானம்தான். "தம்பிக்கு வாசிச்சுக் காட்டுப்பா, அவனுக்குக் கதை சொல்ல ஆள் இல்லையாம்" என்று சொல்லிக் கொடுத்தால் அவமானம் போய்ப் பொறுப்பு வந்துவிடும். தம்பியோ தங்கச்சியோ பக்கத்து வீட்டுக் குழந்தையோ கேட்க உட்கார்ந்தால், சத்தமாக வாசித்தே வேகம் கூடிவிடும்.

எந்த நேரத்தில்

"காலையில் ஒரு மணி நேரம்" என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணை போடுகிறவர்கள் இந்த ஊர்க் கோடையை மறந்துவிடுகிறார்கள். மே 4 முதல் கத்திரி வெயில். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை ஓட்டு வீட்டுக்குள்ளும் உட்கார முடியாது. மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் கோடைதான் பூ கொட்டும் காலம். விடியுமுன்னே மொட்டுப் பறிக்கப் போகும் பிள்ளைகள் வெயில் ஏறிய பிறகு வந்து சாப்பிட்டுத் தூங்குவார்கள். சில பையன்கள் ஜவுளிக் கடை, சமையல் கான்ட்ராக்ட் என்று சம்பளத்துக்குப் போய்விடுவார்கள். மே முகூர்த்த மாதம் வேறு.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் ஒரு நாளைக் கேட்டு, இருபது நிமிட இடைவெளி எங்கே கிடைக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கட்டும். பூப்பறிக்கும் பிள்ளைக்கு அது சாயங்காலம் ஐந்தரை மணி. கடைக்குப் போகிறவனுக்கு பஸ்ஸில் போகும் நேரம். வீட்டிலேயே இருக்கிறவளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. "சாப்பிட்டு முடிச்சதும்", "பஸ் ஏறினதும்" என்று இன்னொரு வேலையோடு முடிச்சுப்போட்ட நேரம்தான் நிற்கும். கடிகார மணி வைத்துச் சொன்னால் மூன்று நாளில் நழுவிவிடும்.

அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஊரே எதிர்சேவைக்குப் போகும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது நியாயமில்லை. ஊர்ப் பொங்கல், கிடா வெட்டு நாட்களும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரமும் கைவிட்டுப்போகும். ஐந்தாறு வார விடுமுறையில் நிஜமாகக் கிடைப்பது மூன்று, மூன்றரை வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இரண்டு புத்தகம் என்பதே நல்ல இலக்கு. ஐந்து, பத்து என்று இலக்கு வைத்தால் பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். அல்லது படித்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் மே மாதமே சிறப்பு வகுப்பு தொடங்கிவிடுகிறது. அவர்களுக்கு ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு, இரவு தூங்கும் முன் ஒரு கதை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நூலகத்துக்கு அனுப்புவது

பொது நூலக உறுப்பினர் அட்டையை விடுமுறைக்கு முன்பே, பள்ளியிலிருந்தே வாங்கிக் கொடுத்துவிடுவது பாதி வேலையை முடித்தது மாதிரி. பக்கத்துக் கிளை நூலகத்தில் படிவத்தை மொத்தமாக வாங்கி, வகுப்பிலேயே நிரப்பி, புகைப்படம், ஆதார் நகல், வைப்புத் தொகையோடு ஒரே தடவையில் கொடுங்கள். தனித்தனியாகப் போகச் சொன்னால் ஜெராக்ஸ் எடுக்கவில்லை, போட்டோ இல்லை என்று பாதிப் பேர் முதல் தடவையிலேயே திரும்பிவிடுவார்கள். இரண்டாம் தடவை போகமாட்டார்கள். வேலை நேரத்தையும் கேட்டு எழுதிக் கொடுங்கள். பொது நூலகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் நாள் முழுக்கத் திறந்திருக்காது. வெயிலில் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்த பிள்ளை அந்தப் பக்கம் மறுபடி வராது.

மதுரைக்குள் இருப்பவர்களுக்கு, 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் கோடைக்கென்றே கட்டியது போல இருக்கிறது: குளிர்ச்சி, நல்ல வெளிச்சம், உட்கார இடம், தண்ணீர், கழிப்பறை. வெயில் உச்சத்தில் இருக்கிற நாலைந்து மணி நேரத்தை அங்கே கழிக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய இடத்துக்குள் முதல்முறை போகிற பிள்ளை மிரண்டுபோய்ப் படி ஏறி இறங்கிவிட்டு வந்துவிடும். ஐந்து பேராகப் போகச் சொல்லுங்கள். எந்தத் தளத்தில் எந்தப் பிரிவு, எந்த வகைப் புத்தகத்தைக் கேட்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். பஸ் செலவையும் யோசியுங்கள். மாணவிகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பையன்கள் பள்ளி பஸ் பாஸை விடுமுறையில் நம்ப முடியாது. போக வர ஆகும் காசு சில வீடுகளில் பெரிய விஷயம்.

வீட்டில் பேச வேண்டியது

விடுமுறைக்கு முந்தைய பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். வாசிப்பின் பெருமை பற்றிச் சொற்பொழிவு வேண்டாம். முதலாவது: பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "அதைப் போட்டுட்டு பாடப் புத்தகத்தை எடு" என்று சொல்லாமல் இருக்க வேண்டும், அந்த இருபது நிமிடம் கடைக்கும் அனுப்ப வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். பையன் படித்தால் படிப்பு. பெண் படித்தால் "சும்மாதானே உக்காந்திருக்க" என்று வேலை வந்துவிடும். இதை முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது: கதை கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் செய்யக்கூடியது இது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நேத்து அந்தப் பய வீட்டை விட்டு ஓடிப்போனான்னு சொன்னியேத்தா, அப்புறம் என்னாச்சு?" என்று ஒரு கேள்வி. பிள்ளை பதில் சொல்ல வேண்டுமென்றால் அடுத்த அத்தியாயத்தைப் படித்திருக்க வேண்டும். அப்பத்தா இருக்கிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது. வாசிக்கச் சொல்லிக் கேட்பார், நடுவில் நிறுத்தித் தன் கதையையும் சொல்வார். அந்தக் குறுக்கீட்டைத் தடுக்க வேண்டாம்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. பிடுங்கி வைத்தால் புத்தகம் தண்டனையாகிவிடும். அந்த இருபது நிமிடம் மட்டும் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தால் போதும். போனிலேயே படிக்க விரும்பும் பிள்ளைக்கு, படமாக ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் சரிப்படாது; ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி நகர்த்த வேண்டியிருக்கும். எழுத்தாகத் தட்டச்சு செய்த பக்கங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை உட்கார்வது

அந்த ஐந்து பேர் குழு வாரத்துக்கு ஒருமுறை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், முக்கால் மணி நேரம் கூடட்டும். சாவடி, கோயில் மண்டபம், நூலகத் திண்ணை, யார் வீட்டு மாடியாவது. பெண் பிள்ளைகள் குழு என்றால் ஒருவர் வீட்டில் வைப்பதே சுலபம். எந்த வீடு, எத்தனை மணிக்கு முடியும் என்று மற்ற நான்கு வீட்டுக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில்தான் கூட வேண்டும் என்று வைத்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளை வராது.

முதல் பத்து நிமிடம் அவரவர் புத்தகத்தை மௌனமாகப் படிப்பது. வாரம் முழுக்கத் தொடாத பிள்ளையும் இந்தப் பத்து நிமிடத்தில் நாலு பக்கம் படித்துவிடும்; அதனால் யாரும் வெறுங்கையோடு பேச வேண்டியதில்லை. பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம். கடைசியில் புத்தகம் மாற்றிக்கொள்வது.

"இந்தக் கதை தரும் நீதி என்ன?" என்று கேட்டுவிட்டால் கூட்டம் வகுப்பாகிவிடும். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய், ஏன் அங்கே நிறுத்தினாய்? யார் மேல் கோபம் வந்தது? உங்க தெருவில் அந்த மாதிரி ஆள் யாரு? எந்த இடத்தில் பொய் மாதிரி இருந்தது? இவற்றுக்குச் சரி, தப்பு கிடையாது. படித்தவர்தான் பதில் சொல்ல முடியும். பிடிக்காத புத்தகத்தை ஐம்பதாம் பக்கத்தில் விட்டுவிடலாம் என்பதையும் விதியாகவே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஏன் விட்டேன் என்று குழுவில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதுதான் பல பிள்ளைகள் முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லுகிறார்கள்.

எழுத்து வேலை வேண்டுமென்றால் தபால் அட்டை அளவுத் தாள் ஒன்று: புத்தகத்தின் பெயர், பக்க எண், பிடித்த ஒரு வரியை அப்படியே பார்த்து எழுதுவது. இரண்டு பக்க மதிப்புரை கேட்டால் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடுவார்கள், அல்லது போனில் கேட்டு வாங்கிவிடுவார்கள். பக்க எண்ணும் ஒரு வரியும் அப்படிக் கிடைக்காது.

பரிசைப் பற்றி எங்கள் கருத்து திடமானது: அதிகம் படித்தவருக்குப் பரிசு வைக்காதீர்கள். எண்ணிக்கை போட்டியானால் மெதுவாகப் படிக்கிறவர் முதல் வாரமே விலகிவிடுவார். பணம் இருந்தால் எல்லோருக்கும் ஒரு புத்தகம், அவர்களே தேர்ந்தெடுத்தது, சொந்தமாக வைத்துக்கொள்ள. உள்ளே அவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். பல வீடுகளில் பாடப் புத்தகம் தவிர அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான முதல் புத்தகம் அதுவாக இருக்கும்.

இடையில் பொறுப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விடுமுறை தொடங்கிப் பத்தாம் நாள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குப் போன் செய்து, "எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். படித்தாயா என்று கேட்காதீர்கள். புத்தகம் கை மாறியிருந்தால் வண்டி ஓடுகிறது. எல்லாப் புத்தகமும் முதலில் எடுத்தவரிடமே இருந்தால் அந்தக் குழுவைத்தான் உடனே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பிள்ளை ஊருக்குப் போயிருக்கும், மஞ்சப் பையும் அதோடு போயிருக்கும்.

ஜூனில்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம். வந்த புத்தகங்களை மறுபடி மேசையில் பரப்பி, ஒவ்வொருவரும் தான் படித்ததில் ஒன்றை எடுத்து, அதை இதுவரை படிக்காத ஒருவர் கையில் கொடுக்கட்டும், ஏன் படிக்கலாம் என்று இரண்டு வாக்கியம் சொல்லி. படிக்காமல் வந்தவர்கள் வாங்கிக்கொள்ளும் பக்கம் நிற்கலாம், திட்ட வேண்டாம். அங்கிருந்து அவர்கள் கோடை தொடங்கும்.

நோட்டை வைத்துக்கொண்டு மூன்று பட்டியல் எடுங்கள். அதிகம் கை மாறியவை: அடுத்த ஆண்டு இரண்டிரண்டு பிரதி. ஒருவர் எடுத்து அப்படியே திருப்பியவை: வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம், அங்கே ஓடக்கூடும். திரும்பாதவை: யாரிடம் என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள், அந்தப் பெயர்களைப் புத்தகக் காட்சியில் மறுபடி வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.